பள்ளியில் எல்லாம் தானே செய்யும் மகள், வீட்டில் மட்டும் "நீயே செஞ்சு விடு" என்கிறாள்

கயலின் அம்மா:

வணக்கம். என் மகளுக்கு நாலரை வயது, பள்ளியில் சேர்த்துச் சில மாதங்கள் ஆகின்றன. முதல் நாட்களின் அழுகை முடிந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், அவையெல்லாம் எனக்கு உதவின. இப்போது நான் கேட்பது அதற்கு அப்புறம் வருவதைப் பற்றி.

காலையில் பள்ளி வாசல் வந்ததும் என் கையை விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன வாரம் அவளுடைய மிஸ்ஸிடம் பேசினேன். தானே ஷூவைக் கழற்றி அடுக்குகிறாளாம், பையை அதன் இடத்தில் மாட்டுகிறாளாம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சிந்தாமல் சாப்பிட்டு மூடி வைக்கிறாளாம், கழிவறைக்குப் போனால் கை கழுவிக்கொண்டு வருகிறாளாம். பக்கத்தில் இருக்கிற பையனுக்கு மூடி திறக்க வரவில்லை என்றால் அதையும் திறந்து கொடுக்கிறாளாம். கேட்கக் கேட்க எனக்குப் பூரிப்பாக இருந்தது, என் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகமாகவும் இருந்தது.

ஏனென்றால் வீட்டில் அப்படியே தலைகீழ். ஷூ போடச் சொன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து "நீயே போட்டு விடு" என்கிறாள். ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு. சாயங்காலம் வந்ததும் பென்சில் முனை உடைந்தது, தண்ணீர் வேறு டம்ளரில் வந்தது என்று ஏதாவது ஒன்றுக்கு அழ ஆரம்பித்தால் நிறுத்த முடிவதில்லை. ஒரு வருடமாகத் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தவள் இப்போது என் பக்கத்தில்தான் படுப்பேன் என்கிறாள். வீட்டில் பெரியவர்கள் "நீ இடம் கொடுக்கிறாய், அங்கே செய்கிறவளுக்கு இங்கே செய்யத் தெரியாதா" என்கிறார்கள். அவள் பிடிவாதம் பிடிக்கிறாளா, பின்னோக்கிப் போகிறாளா, இல்லை வேறு ஏதாவதா? செய்து கொடுக்கலாமா, முடியாது என்று நிற்க வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அவளுடைய நாள் முழுவதும் எனக்குத் தெரியும். எப்போது தூங்கினாள், எதற்குச் சிரித்தாள், எங்கே விழுந்தாள், எல்லாம். இப்போது ஒரு நாளில் பாதி எனக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்காத ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு வருகிறாள், நான் முகம் பார்க்காத ஒரு பெண்ணைத் தன் சினேகிதி என்கிறாள், "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்தது" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். சந்தோஷம்தான், அதோடு ஏதோ ஒன்று மனதைப் பிசைகிறது. இதை மற்ற அம்மா அப்பாக்கள் எப்படிக் கடந்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

வெள்ளைச்சாக்பீஸ்:

நான் மழலையர் வகுப்பு ஆசிரியை, பல வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன். நீங்கள் சொன்ன இதே பேச்சை ஒவ்வொரு வருடமும் பெற்றோர் சந்திப்பில் கேட்கிறேன். எங்களிடம் "ரொம்ப நல்ல பிள்ளை" என்று பெயர் வாங்குகிற குழந்தைகளின் வீட்டிலிருந்துதான் இது அதிகம் வருகிறது.

ஒரு வகுப்பறையில் நாலரை வயதுக் குழந்தை என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். பேசத் தோன்றும்போது பேசாமல் கையைத் தூக்குகிறது. பிடித்த பொம்மையை இன்னொருவர் எடுத்தால் காத்திருக்கிறது. வரிசையில் நிற்கிறது. இடித்தவனைத் திருப்பி இடிக்காமல் இருக்கிறது. பசித்தாலும் மணி அடிக்கும் வரை டப்பாவைத் திறப்பதில்லை. அழுகை வந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்று அடக்கிக்கொள்கிறது. தன்னைத் தானே கட்டுப்படுத்துகிற இந்தத் திறன் அந்த வயதில் இப்போதுதான் முளைத்து வருகிறது, மூளையில் அதற்குப் பொறுப்பான முன்பகுதி முழுசாக வளர்ந்து முடிய இருபது வயதைத் தாண்டும். ஆக, அவள் அங்கே செய்வது சும்மா வந்துவிடவில்லை, நாள் முழுக்க முயற்சி எடுத்துச் செய்கிறாள். புது வேலையில் சேர்ந்த முதல் மாதம் நாம் எப்படி வீட்டுக்கு வந்து சேர்வோமோ அப்படித்தான் அவளும் வந்து சேர்கிறாள். நமக்காவது களைப்பாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியும். அவளுக்கு அது உடைந்த பென்சிலாகத்தான் வெளியே வருகிறது.

உங்களிடம் மட்டும் ஏன் என்றால், உங்களிடம் அழலாம் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான். குழந்தைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்த ஜான் பவுல்பி, மேரி ஐன்ஸ்வொர்த் இரண்டு பேரும் குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் நடுவில் உள்ள பிணைப்பைப் பற்றி எழுதியதன் சாரம் இதுதான்: தன்னைப் பார்த்துக்கொள்கிறவர் அசையாமல் இருக்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் குழந்தை விலகிப் போய் உலகத்தைப் பார்க்கும், பயமோ களைப்போ வந்தால் அங்கேயே திரும்பி வரும். ஐன்ஸ்வொர்த் ஒரு வயதையொட்டிய குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில்கூட, அம்மா அறையைவிட்டுப் போகும்போது எவ்வளவு அழுதது என்பதைவிட, அம்மா திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்தது என்பதைத்தான் முக்கியமாகக் கவனித்தார். உங்கள் மகள் வாசலில் திரும்பிப் பார்க்காமல் போவதும், சாயங்காலம் மடியில் வந்து விழுவதும் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகிறவை. அவள் பின்னோக்கிப் போகவில்லை. செய்யத் தெரியாமல் போயிருந்தால் எங்களிடமும் செய்யமாட்டாள்.

அப்புறம், வீட்டில் பெரியவர்கள் கேட்கிற கேள்விக்கும் ஒரு நேரடிப் பதில் உண்டு. "அங்கே செய்கிறவளுக்கு இங்கே ஏன் முடியவில்லை" என்றால், அங்கே எல்லாம் அவள் உயரத்தில் இருக்கிறது. மாட்டுகிற கொக்கி அவள் கைக்கு எட்டும், ஷூ கழற்ற உட்காரும் பலகையில் அவள் கால் தரையில் படும், எந்தப் பொருள் எங்கே என்பது தினமும் மாறாது, பக்கத்தில் இருபது பேர் அதே வேலையை அதே நேரத்தில் செய்கிறார்கள், யாரும் அவசரப்படுத்துவதில்லை. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கியபோது மேசை நாற்காலி முதற்கொண்டு பிள்ளைகளின் அளவுக்குக் கொண்டுவந்தார் என்றால் காரணம் இதுதான். நம் வீடுகள் பெரியவர்கள் அளவுக்குக் கட்டியவை. அங்கே குழந்தை எதைச் செய்ய நினைத்தாலும் யாரையாவது கூப்பிட்டாக வேண்டும். முதலில் ஒரு கொக்கியைக் கீழே இறக்கி அடியுங்கள், ஷூவுக்குத் தாழ்வான ஓர் இடம் கொடுங்கள், கை கழுவுகிற இடத்தில் ஏறி நிற்க உறுதியான ஒரு முக்காலி போடுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு அவளிடம் "இனிமேல் நீயே செய்" என்று அறிவிப்பு எதுவும் வேண்டாம், சும்மா விட்டுவிடுங்கள்.

சாயங்காலம் வந்ததும் முதல் அரைமணி நேரம் அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். தண்ணீர், சாப்பிட ஏதாவது, பக்கத்தில் நீங்கள், அவ்வளவு போதும். அழுதால் அழட்டும், உட்கார்ந்திருங்கள். அந்த நேரத்தில் ஒழுக்கம் கற்பிக்கப் போனால் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது.

அகிலின் அப்பா:

டீச்சர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். சாயங்காலம் செய்து கொடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காலையிலும் சாயங்காலமும் எல்லாவற்றையும் செய்து கொடுத்துக்கொண்டே போனால், களைப்பில் கேட்டது பழக்கமாகிவிடும். என் மகனுக்கு இப்போது ஏழு வயது. அவனுக்கு விரல் வேலைகள் தாமதமாகத்தான் வந்தன, அதற்காக ஒரு தெரபிஸ்டிடம் போய்க்கொண்டிருந்தோம். அங்கே கற்றுக்கொண்ட ஒரு முறை எல்லாக் குழந்தைகளுக்கும் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பொதுவாக நாம் என்ன செய்கிறோம்? ஷூ போடுவதை ஆரம்பத்திலிருந்து சொல்லித் தருகிறோம். குழந்தை காலை நுழைக்கப் பார்க்கும், குதிகால் மாட்டிக்கொள்ளும், நேரம் ஆகிவிடும், கடைசியில் நாமே குனிந்து முடித்து விடுவோம். குழந்தைக்கு மனதில் பதிவது "நான் ஆரம்பித்தேன், முடியவில்லை, அம்மா முடித்தார்" என்பது. இதைக் கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள், ஒட்டுகிற பட்டையை மட்டும் விட்டுவிடுங்கள், அதை அவள் ஒட்டட்டும். முடித்தது அவள். அது கைவந்ததும் குதிகாலை உள்ளே அழுத்துவதையும் அவளிடம் விடுங்கள், அப்புறம் காலை நுழைப்பதை, அப்புறம் ஷூவை எடுத்து வருவதை. ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தவள் அவளாகவே இருப்பாள். பட்டன், ஜிப், பேண்ட் மேலே இழுப்பது எல்லாவற்றுக்கும் இதே வழிதான். ஜிப்பில் அடிமுனையைக் கோக்கிற வேலைதான் கஷ்டம், அதை நீங்கள் செய்துகொடுத்து மேலே இழுப்பதை விடலாம். ஜிப்பின் பிடி சின்னதாக இருந்தால் ஒரு வளையம் மாட்டிவிடுங்கள், விரலுக்கு அகப்படும்.

இடது வலது குழப்பத்துக்கு: ஒரு படம் போட்ட ஸ்டிக்கரைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை இந்த ஷூவின் உள்ளேயும் இன்னொரு பாதியை அந்த ஷூவின் உள்ளேயும், இரண்டு ஷூவையும் சரியாகப் பக்கத்தில் வைத்தால் படம் சேருகிற மாதிரி ஒட்டிவிடுங்கள். அப்புறம் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

இந்த மாதிரி, குழந்தைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் தாங்கிப் பிடித்து, கைவர வர விலகிக்கொள்வதைப் பற்றி டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூன்று பேரும் 1976-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதன் பெயரையே அதற்கு வைத்தார்கள். சாரத்தை எப்போது பிரிப்பது என்பதுதான் அதில் முக்கியம், நம்மில் பலர் கட்டுவதோடு நின்றுவிடுகிறோம்.

அப்புறம் இரண்டு விஷயம். ஒன்று, புதிதாக எதையும் பள்ளி நாள் காலையில் கற்றுத் தராதீர்கள். விடுமுறை நாளில் நிதானமாகக் கற்றுக்கொண்டதைப் பள்ளி நாளில் பயன்படுத்தட்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "சீக்கிரம், சீக்கிரம்" என்று நிற்கிற பெரியவர் முன்னால் எந்தக் குழந்தைக்கும் விரல் ஓடாது. இரண்டு, அவள் செய்ததை அவள் கண் முன்னால் திருத்தாதீர்கள். சட்டை ஒரு பட்டன் தள்ளிப் போயிருந்தால் என்ன? அப்படியே போகட்டும். நாம் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டால், அவள் பட்ட பாடு எதுவும் கணக்கில் வரவில்லை என்றுதான் அர்த்தம். அவளாகக் கவனித்துக் கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

புதிய வரவு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு மூன்றரை வயது, இன்னும் வாசலில் அழுகிறான். அவன் பொம்மையில் மும்முரமாக இருக்கும்போது சொல்லாமல் நழுவி வந்துவிடுங்கள் என்று ஒரு உறவினர் சொல்கிறார். நழுவினால் அந்த நேரத்து அழுகை மிச்சம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் எங்கே போனேன் என்று தேடமாட்டானா?

வெள்ளைச்சாக்பீஸ்:

@புதிய வரவு, நழுவாதீர்கள், உங்கள் மனசு சொல்வதுதான் சரி. சொல்லாமல் போனால் அந்த ஐந்து நிமிட அழுகை மிச்சமாகும், ஆனால் "அம்மா எப்போது வேண்டுமானாலும் காணாமல் போவார்" என்று அவன் கற்றுக்கொள்வான். அதற்கப்புறம் வீட்டில் நீங்கள் குளிக்கப் போனாலும் கதவில் வந்து நிற்பான். தினமும் ஒரே மாதிரி, சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கட்டிப்பிடி, ஒரு வார்த்தை, டீச்சர் கையில் கொடு, போ. போய்விட்டுத் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பது, "சரி இன்னும் ஒரு நிமிடம்" என்று நீட்டுவது, இவை அழுகையை நீட்டிக்கத்தான் செய்யும். நாங்கள் உள்ளே இருந்து பார்க்கிறோம், பெரும்பாலான குழந்தைகள் பெற்றோர் கண்ணைவிட்டு மறைந்த கொஞ்ச நேரத்தில் விளையாடப் போய்விடுவார்கள். வெளியே நிற்கிற உங்களுக்கு அது தெரியாது, அதனால் உங்களுக்குத்தான் நாள் முழுக்கப் பாரம். மனசு கேட்கவில்லை என்றால் கொஞ்ச நேரம் கழித்து அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

"மூணு மணிக்கு வந்துடுவேன்" என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது, அந்த வயதில் கடிகாரம் வெறும் எண்கள். "விளையாடுவீங்க, சாப்பிடுவீங்க, டீச்சர் கதை சொல்லுவாங்க, கதை முடிஞ்சதும் நான் வாசல்ல இருப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் அங்கே இருக்க வேண்டும். ஒரு நாள் தாமதமாகும் என்று தெரிந்தால் அதையும் காலையிலேயே சொல்லிவிடுங்கள், வேறு யார் வருவார் என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் கைக்குட்டை ஒன்றைப் பையில் வைத்துக் கொடுக்கலாம். டொனால்ட் வினிகாட் என்ற குழந்தை மருத்துவர் 1950-களின் தொடக்கத்திலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: போர்வை முனை, மெத்தென்ற பொம்மை போன்ற ஒரு பொருள், அம்மா இல்லாத நேரத்தில் குழந்தைக்குத் துணையாக நிற்கும். பல வகுப்புகளில் அனுமதிப்பார்கள், டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி:

குழந்தைகள் நலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மனசு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள், நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சாயங்கால அழுகையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் தூக்கம். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தேவை, 6 வயதுக்கு மேல் 12 வரை 9 முதல் 12 மணி நேரம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் கொடுத்த பரிந்துரை இது. பள்ளியில் சேர்ந்ததும் என்ன ஆகிறது என்றால், மதியத் தூக்கம் நின்றுபோகிறது, காலையில் சீக்கிரம் எழுப்புகிறோம், ஆனால் இரவு படுக்கிற நேரம் பழையபடியே இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் தினமும் ஒன்றரை இரண்டு மணி நேரம் குறைந்திருக்கும். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து உட்காருவார். குழந்தை அப்படி உட்காராது, துள்ளும், கத்தும், சின்னதுக்கெல்லாம் அழும். அதைப் பார்த்து "இவளுக்குத் தூக்கமே வரவில்லை" என்று நினைத்துவிடுகிறோம். படுக்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்து பாருங்கள். பக்கத்தில் படுக்க வேண்டும் என்கிறாளே, அதை இந்தப் பருவத்தில் பெரிய பிரச்சினையாக நான் எடுக்கமாட்டேன். தூங்கும் வரை அவள் படுக்கையில் நீங்கள் இருந்துவிட்டு அப்புறம் எழுந்து வரலாம், நிலைமை தெளிந்ததும் பழையபடி தனியாகத் தூங்குவாள்.

இரண்டாவது கழிவறை. இதை அழுத்திச் சொல்கிறேன். பள்ளிக் கழிவறையின் வாடை, சத்தம், தாழ்ப்பாள், யாரோ வெளியே காத்திருப்பது, இதில் எதற்காவது பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வருகிற குழந்தைகள் நிறைய உண்டு. தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரையும் தவிர்ப்பார்கள். பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, உள்ளாடையில் லேசாகக் கசிவு, காரணம் தெரியாத வயிற்றுவலி எல்லாம் இதிலிருந்து வரலாம். உங்கள் மகள் போய் வருகிறாள் என்று டீச்சர் சொன்னது நல்ல செய்தி. ஆனாலும் துடைப்பதும் கழுவிக்கொள்வதும் சரியாக வருகிறதா என்று வீட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், முன்னாலிருந்து பின்னால் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

தன் வேலையைத் தானே செய்யப் பழகுகிற இதே வயதில் தன் உடம்பு தன்னுடையது என்பதையும் சொல்லித் தரவேண்டும். உடல் உறுப்புகளுக்கு உள்ள பெயர்களைத் தயங்காமல் சொல்லிக் கொடுங்கள். உதவி செய்கிற யாராக இருந்தாலும் "எனக்கு வேண்டாம், நானே கழுவிக்கிறேன்" என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்று சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லாதே என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்றும் சொல்லுங்கள். பயமுறுத்தாமல், சாலையைக் கடக்கச் சொல்லித் தருகிற அதே குரலில் சொன்னால் போதும்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது? நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழந்தை திடீரென்று போகமாட்டேன் என்றால், ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு மிரண்டால், பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலியும் வாந்தியும் வந்து விடுமுறையில் காணாமல் போனால், வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் முன்பு வந்த பேச்சோ பழக்கமோ மறைந்தால் தள்ளிப்போடாதீர்கள். பிரிவைப் பற்றிய பதற்றத்தை ஒரு கோளாறு என்று சொல்ல, குழந்தைகளிடம் அது குறைந்தது 4 வாரம் நீடித்து அன்றாடத்தைக் குலைக்க வேண்டும் என்பது மருத்துவ வரையறை. அதற்காக 4 வாரம் கழித்துத்தான் கேட்க வேண்டும் என்றில்லை, சந்தேகம் வந்தால் அன்றைக்கே கேட்கலாம். கயலின் அம்மா எழுதியதில் இந்த அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை.

பழைய கிளை:

என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஊட்டிவிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அகிலின் அப்பா சொல்கிற முறை ஷூவுக்கும் பட்டனுக்கும் சரி. ஆனால் சாயங்காலம் வந்து "ஊட்டி விடு" என்று கேட்கிற குழந்தை சாப்பிடத் தெரியாமல் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்கிறாள். கேட்டால் ஊட்டுங்கள். இதனால் ஒரு குழந்தையும் பெரியவளான பிறகு ஊட்டச் சொல்லி நிற்கப்போவதில்லை. இடம் கொடுப்பது என்றால் அவள் கேட்காததையும் நாமே முந்திக்கொண்டு செய்வது, அவளால் முடிகிற இடத்தில் கையைப் பிடித்து நிறுத்துவது. கேட்டபோது கொடுப்பது அதில் சேராது.

உங்கள் இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன், யாரும் இன்னும் தொடவில்லை. மனதைப் பிசைகிறது என்றீர்களே, அது இருக்கத்தான் செய்யும். அவள் முன்னால் மறைக்க வேண்டியதும் இல்லை, அவள் தலையில் ஏற்றவும் வேண்டாம். "நீ இல்லாம அம்மாவுக்கு வீடே பிடிக்கல" என்று சொன்னால், உள்ளே போய் விளையாடுகிறவளுக்கு நம்மால் அம்மா வருந்துகிறாள் என்று தோன்றும். "காலைல உன்னை நினைச்சேன், நீ வந்ததும் சந்தோஷமா இருக்கு" என்று சொல்லலாம். அதில் அன்பு இருக்கிறது, பொறுப்பு அவளிடம் போகவில்லை. மீதியை உங்கள் வீட்டுக்காரரிடமோ, தோழியிடமோ, இங்கேயோ சொல்லி அழுதுவிடுங்கள். நான் என் மூத்தவளை அனுப்பியபோது அக்காவிடம் அழுதேன்.

அவளுக்கென்று ஒரு பாதி நாள் இருப்பது நல்லது. அங்கே அவள் யாருடைய மகளாகவும் இல்லாமல் அவளாக இருக்கிறாள். சினேகிதியை அவளே தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதையெல்லாம் அன்றாடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தால், மறைக்கத்தான் கற்றுக்கொள்வாள்.

ஆனால் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. "என்ன நடந்தது" என்ற கேள்வி சின்னக் குழந்தைக்குப் பெரிய வேலை, ஒரு முழு நாளை நினைவில் புரட்டி, முதலில் எது பிறகு எது என்று அடுக்கி, எதைச் சொல்வது என்று முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் "ஒண்ணுமில்ல". ஒரு நுனியை எடுத்துக் கொடுத்தால் வரும். "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்த?", "கதைல என்ன மிருகம் வந்தது?" மாதிரி. அதைவிட நல்லது, உங்கள் நாளில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை முதலில் நீங்கள் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்து கேட்டால் வராதது, பக்கத்தில் நடந்துகொண்டோ குளிப்பாட்டிக்கொண்டோ இருக்கும்போது தானாக வரும். எல்லாவற்றையும்விட, பள்ளி விளையாட்டு விளையாடுங்கள். அவள் டீச்சர், நீங்கள் மாணவி. யார் எப்படித் திட்டுகிறார்கள், யார் அழுகிறார்கள், எதற்குக் கைதட்டுகிறார்கள், வரிசையில் யார் தள்ளுகிறார்கள் என்று ஒரு மணி நேரத்தில் முழு வகுப்பும் உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். ஒன்றே ஒன்று, நடுவில் புகுந்து "யார் உன்னை அடிச்சா" என்று விசாரிக்காதீர்கள், விளையாட்டு அங்கேயே நின்றுவிடும். மனதில் குறித்துக்கொண்டு, கவலைப்பட ஏதாவது இருந்தால் டீச்சரிடம் தனியாகக் கேளுங்கள்.

கயலின் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. உண்மையிலேயே நன்றி, இவ்வளவு நிதானமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வீட்டில் பெரியவர்களிடமும் வாசித்துக் காட்டினேன். கொக்கி விஷயம் மாமனாருக்குப் பிடித்துப்போய் உடனே இறக்கி அடித்துவிட்டார். பையை அவளே மாட்டுகிறாள், யாரும் சொல்லவில்லை. ஷூவில் பட்டையை மட்டும் விட ஆரம்பித்திருக்கிறேன். ஊட்டுவதில் வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, நான் பழைய கிளை சொன்ன பக்கம்தான் நிற்கப்போகிறேன். இரவுப்பணி சொன்ன தூக்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எங்கள் வீட்டில் நன்றாகவே குறைகிறது. படுக்கிற நேரத்தை மாற்றுவதுதான் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அவள் அப்பா வேலையிலிருந்து வருவதே அந்த நேரத்துக்குத்தான், அவரைப் பார்க்காமல் தூங்கமாட்டாள். காலையில் அவர்கள் இரண்டு பேருக்கும் தனியாகக் கொஞ்ச நேரம் ஒதுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளி விளையாட்டில் நான் மாணவியாக உட்கார்ந்தேன். "வாய் மேல விரல்" என்று எனக்குச் சொன்னாள், அப்புறம் அழுகிற மாதிரி நடிக்கச் சொன்னாள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து "அம்மா கதை முடிஞ்சதும் வருவாங்க" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு யாரோ அங்கே இப்படிச் செய்திருக்கிறார்கள். அவர் யாராக இருந்தாலும் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னொரு கேள்வி, டீச்சருக்கு. இப்போது வாசலிலிருந்து வகுப்பு வரைக்கும் தனியாகப் போகிறேன், நீ வராதே, பையையும் நானே தூக்குவேன் என்கிறாள். விடலாமா?

வெள்ளைச்சாக்பீஸ்:

விடலாம், அவளாகக் கேட்கிறாளே. ஆனால் முதலில் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள், வாசலிலிருந்து வகுப்பு வரை யார் கண்காணிப்பு, படிக்கட்டு இருக்கிறதா, வண்டி வந்து நிற்கிற இடத்தைத் தாண்ட வேண்டுமா என்று. வண்டி வருகிற இடம் நடுவில் இருந்தால் அதைத் தாண்டும் வரை கையைப் பிடித்துத்தான் ஆகவேண்டும், அதில் பேரம் கிடையாது, அங்கிருந்து அவள் தனியாகப் போகட்டும். வகுப்பு டீச்சரிடம் "இன்றிலிருந்து தனியாக வருகிறாள்" என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், அந்தப் பக்கம் ஒருவர் எதிர்பார்த்து நிற்பார். வழி மாறினாலோ விழுந்தாலோ யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஓர் ஆளைக் காட்டி வையுங்கள், "யாரிடமாவது கேள்" என்று பொதுவாகச் சொன்னால் அவளுக்குப் புரியாது.

பை அவளே தூக்கட்டும். பையும் உள்ளே இருப்பதும் சேர்த்து அவள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு தோளிலும் மாட்டட்டும். இந்த வயதில் டப்பா, பாட்டில், ஒரு மாற்றுத்துணி தவிர பெரிதாக எதுவும் தேவைப்படாது. அடிக்கடி திறந்து பாருங்கள், வழியில் பொறுக்கிய கற்களாலேயே பாதி எடை ஏறியிருக்கும். அவளைக் கேட்காமல் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வைக்க வீட்டில் ஒரு டப்பா கொடுங்கள்.